பத்துப் பேருக்கு வேண்டாம், ஒருத்திக்கு இரண்டு ரூபாய்

மாதுங்கா,
9-8-1949, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி விசாலத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

தெருச் சாக்கடையைப் பற்றி ஒரு மனிதர் ஒரு மணி நேரம் யோசித்தால் அதற்கு எவ்வளவு கூலி நியாயம்? கணிதத்தில் பட்டம் வாங்கினவள், ஆறு வாரமாக இதையே போட்டுப் பார்க்கிறேன், எனக்கு விடை தெரியவில்லை. உன் தில்லிப் புள்ளிவிவர ஆபீசில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுது. மற்றபடி நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, கையெழுத்து மட்டும் தூக்கம் போதவில்லை என்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி மழையோடு வந்திருக்கிறது, மழையோடு போகும். போன வியாழக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் முட்டளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசிலிருந்து வந்தார், வந்ததும் வராததுமாக சர்க்காரைத் திட்டினார், ஆகையால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ரேஷனில் இந்த வாரம் கொடுத்த அரிசியில் கல்லைப் பொறுக்கினால் அரிசி குறைகிறது, பொறுக்காவிட்டால் பல் குறைகிறது.

போன வருஷக் கடைசியில் மாதுங்காவுக்கும் தாராவிக்கும் சேர்த்து ஒரு வட்டாரச் சபை தேர்ந்தெடுத்தோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? குழாய், சாக்கடை, தெருவிளக்கு மூன்றையும் பார்த்துக்கொள்ள பதினொரு அங்கத்தினர்கள். புதன்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் கூடுகிறார்கள். ஆபீசுக்குப் போகிறவனும் கூலிக்குப் போகிறவளும் வர முடியாத நேரம் எது என்று யோசித்தே வைத்திருப்பார்கள். இத்தனை நாள் ஊதியம் இல்லாமல் நடந்தது. இப்போது கூட்டத்துக்கு இவ்வளவு என்று ஏதாவது கொடுக்கலாமா என்று சிபாரிசு செய்ய, சபைக்கு வெளியே மூன்று பேரை நியமித்தார்கள். ஒருவர் நியமனமான வாரமே காசி யாத்திரை போய்விட்டார், புத்திசாலி. இன்னொருவர் தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கசாமி. மூன்றாவது நான். படித்த ஸ்திரீ ஒருத்தி இருந்தால் பத்திரிகைப் படத்துக்கு நன்றாயிருக்கும் என்று சபைத் தலைவர் சொன்னதாகக் கேள்வி. படம் எடுக்க யாரும் வரவில்லை.

நானும் தங்கசாமியும் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டுக்கும் போய், கூட்டம் ஒன்றுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். தலைவர் அனந்தநாராயணன் காதைப் பொத்திக்கொண்டார். ‘சிவ சிவா! கேக்கப்படாத கேள்வி மாமி இது. ஜனங்களுக்குப் பண்ற தொண்டுக்கு வெலை போட்டா அப்பறம் அது தொண்டா? நேக்கு ஒரு சல்லி வேண்டாம்’ என்றார். சபை ஏற்பட்ட எட்டு மாதத்தில், திறந்து கிடந்த சாக்கடையை மூடிக் கல் பாவினது அவருடைய இரண்டு கட்டடங்களுக்கு முன்னால் மட்டும்தான். தற்செயலாக இருக்கலாம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், தாம் ஊதியம் வாங்கினால் தம் தகப்பனாரின் ஆத்மா சாந்தியடையாது என்றார். அவர் கடை வாசலில் புதிதாக இரண்டு தெருவிளக்கு எரிகிறது, ஆத்மாவுக்கு வெளிச்சம் பிடிக்கும் போலிருக்கிறது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வேங்கடசுப்ரமணியன் மட்டும் உடனே பதில் சொல்லவில்லை. நாலு பெண்கள், சொற்பப் பென்ஷன், குடையில் மூன்று கம்பிதான் நேராக இருக்கிறது. காலண்டரைப் பார்த்துக்கொண்டே, ‘எல்லாரும் வேண்டாம்னுட்டாளா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘அப்போ நேக்கும் வேண்டாம்’ என்றார். இப்படிப் பத்துப் பேர், பத்து வேண்டாம்.

பதினோராவது அங்கத்தினர் பேராச்சி. தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கூலி வேலை, புருஷன் இல்லை, இரண்டு குழந்தைகள். நூற்று நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கிற சந்துக்காரர்கள் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள், குழாயடியில் அவள் குரலுக்குத்தான் எல்லாரும் வழிவிடுவார்களாம். நாங்கள் கேட்டு வாய் மூடுவதற்குள், ‘ரெண்டு ரூபா’ என்றாள். தங்கசாமி பதறிப்போய், ‘ஏ பிள்ள, செத்த யோசிச்சுச் சொல்லு’ என்றார். ‘யோசிச்சுத்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. மூணு மணிக் கூட்டத்துக்கு ரெண்டு மணிக்குக் கெளம்பினா மேஸ்திரி முழுநாக் கூலியையும் வெட்டிருதான், அது ஒண்ணரை. பிள்ளையளப் பாத்துக்கிடுத பக்கத்துவீட்டுக்காரிக்கு நாலணா. தோல் நாத்தத்தோட வந்து அவ்வோ நாக்காலியில உக்கார முடியாதுல்லா, சீல வெளுக்க சவுக்காரம் ரெண்டணா’ என்றாள். மிச்சம் இரண்டணா எதற்கு என்று நான் கேட்டேன். ‘வெத்தலைக்கு. அவ்வோ பேசுத பேச்ச முழுங்கணும்னா வாயில என்னமாது வேணும்லாம்மா?’ என்றாள். நியாயமான ஊதியம் எது என்று எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் ஆறு வாரத்தில் நான் கேட்ட ஒரே கணக்கு இதுதான். மற்றவர்கள் சொன்னதெல்லாம் உபந்யாசம்.

கூலி வெட்டைத் தாங்க முடியாமல் அவள் போன இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் பதவி போய்விடும் என்பது விதி, நாளைக்கு மூன்றாவது. நாளைக்குத்தான் ஊதியத் தீர்மானமும் வருகிறது. அது தோற்றால் அங்கேயே ராஜிநாமாக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கே போகிறேன் என்று தங்கசாமியிடம் சொல்லிவிட்டாள், சும்மா கூலியை விட்டுக்கொண்டே இருக்க இரண்டு குழந்தைகளின் வயிறு விடவில்லை. அவள் விலகினால் அந்த இடத்துக்கு நிற்கத் தயாராக இருப்பவன் மேஸ்திரியின் மைத்துனன். அவனுக்கும் ஊதியம் வேண்டாமாம். எனக்கு வயதாகிறதோ என்னவோ, ஊதியம் வேண்டாம் என்கிறவனைக் கண்டால் இப்போதெல்லாம் அவன் வேறு எங்கே வாங்குகிறான் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி நான் செய்த காரியத்தைக் கேள். நம் மனிதர்கள் சொல்லும் முதல் வேண்டாமுக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். காப்பி சாப்பிடுகிறீர்களா என்றால், இப்போதுதான் ஆயிற்று, வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தரம் கேட்டால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தரம் கேட்டால் அரை டம்ளர் போதும் என்று முழு டம்ளரையும் குடித்துவிட்டு, டிகாக்ஷன் மீதியிருக்கிறதா என்று சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள். இந்த மரியாதை எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ‘பத்து அங்கத்தினர்கள் தமக்கு ஊதியம் வேண்டாம் என்று தெரிவித்தார்கள், ஆகவே மீதியுள்ள ஒருவருக்கு மட்டும் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் சிபாரிசு செய்கிறோம்’ என்று பெயர் வாரியாக அறிக்கை எழுதி, வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் நகல் அனுப்பிவிட்டேன். எழுதும்போது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து வாசலில் ஆள் ஓயவில்லை. தலைவர் ஒரு முழுப் பறங்கிக்காயோடு வந்தார். ‘வேண்டாம்னு சொன்னேன், வாஸ்தவம். அதை நீங்க எழுதிப்பேள்னு நான் நெனைக்கலையே மாமி!’ என்றார். ஜவுளிக்கடைக்காரர், தகப்பனார் விஷயம் பொதுவாகச் சொன்னது என்றார். உங்கள் தியாகத்தைக் குறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை என்று ஒவ்வொருவரையும் வழியனுப்பினேன். போஸ்ட்மாஸ்டரும் வந்தார். ஒரு டம்ளர் தீர்த்தம் வாங்கிக் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், எதையும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

நேற்று தங்கசாமி வந்து உட்காராமலே சொன்னார், ‘யம்மா, கணக்குக்கு நீங்க எழுதினது சரி. பத்து பேரு பந்தியில இருக்கையில ஒருத்திக்கு மட்டும் எல போட்டா, மத்தவன் தனக்கு எல கேக்க மாட்டான், அவ எலையத்தான் பிடுங்குவான். ஏழு பேரு எதுத்துக் கைதூக்கப் போறாவ. காசுக்கு வாரவன்னு அவளுக்கு இப்பமே பேரும் வச்சாச்சு’ என்றார். அவர் பேசுவது முழுவதும் சரி என்பதுதான் எனக்குக் கோபம். பத்துப் பேரைக் குத்துவதற்கு எடுத்த ஊசி பதினோராவது ஆளின் விரலில் ஏறியிருக்கிறது. அவர்கள் வேஷத்தைக் கலைத்துப் பார்க்க வேண்டும் என்கிற என் ஆசைக்கு அவள் பதவியைச் செலவு செய்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், பேப்பரிலிருந்து தலை நிமிராமல், ‘நீ யாரை ரெண்டாந்தரம் சாப்பிடச் சொல்லியிருக்கே? என் தம்பி இந்தாத்துக்கு வந்து ரெண்டு நாள் பட்டினி கெடந்துட்டுன்னா போனான்!’ என்றார். இருபத்தைந்து வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறார்.

ஆகையால் நாளைக்கு நான் சபைக்குப் போய், பதினொரு பேருக்கும் இரண்டு ரூபாய் என்று அறிக்கையை மாற்றிக்கொண்டு, அந்தப் பத்துப் பேரையும் தயவுசெய்து வாங்கிக்கொள்ளும்படி உபசாரம் செய்யப் போகிறேன். மூன்று தரம். பரீட்சைக்குக்கூட நான் இப்படி ஒத்திகை பார்த்ததில்லை. வாயில் வருமா என்று தெரியவில்லை.

உனக்கும் ஒரு வார்த்தை. உன் மேலதிகாரி வீட்டு வாடகை அலவன்ஸைப் பற்றிக் கேட்டபோது, பரவாயில்லை, ஹாஸ்டலில் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பஞ்சாபிக்காரர், இரண்டாம் தரம் கேட்கமாட்டார், பக்கத்து நாற்காலிப் பையனுக்குக் கொடுத்துவிடுவார். திங்கட்கிழமையே போய், இவ்வளவு, இன்னதற்கு என்று சொல்லிக் கேள். சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், நல்லெண்ணெய் தீர்ந்திருந்தால் எழுது, தில்லிக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். நீண்ட ஆயுளும், நல்ல உடம்பும், வேண்டியதை வேண்டும் என்று சொல்லும் வாயும் உனக்கு உண்டாகட்டும்.

உன் அம்மா,
வாலாம்பாள்.

புதன்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன். பதினொரு பேரும் வந்திருந்தார்கள். பேராச்சி கடைசி நாற்காலியில், யாரோ எழுதிக்கொடுத்த ராஜிநாமாக் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அறிக்கையில் பிழை இருக்கிறது, பதினொரு பேரும் இரண்டு ரூபாய் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டேன். தலைவர் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்றார். போஸ்ட்மாஸ்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றாம் தரமும் கேட்டேன். ‘ஒரு ஸ்திரீ இவ்வளவு தூரம் சொல்றச்சே மறுத்தா அது மரியாதையில்லை’ என்று தலைவர் பெருமூச்சு விட்டார், மற்றவர்களும் அந்த வருத்தத்தில் பங்கெடுத்துக்கொண்டார்கள். உடனே ஜவுளிக்கடைக்காரர் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ‘வாங்கறதுன்னு ஆனப்பறம் ரெண்டு ரூபாய் வாங்கினா அதைக் கூலிம்பா. அஞ்சு வாங்கினா கௌரவ ஊதியம்’ என்றார். அஞ்சுக்கு ஆதரவாகப் பத்துக் கை எழுந்தது, முதல் கை போஸ்ட்மாஸ்டருடையது. எதிர்ப்பு உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். பேராச்சி கையைத் தூக்கினாள். ‘நான் கேட்டது ரெண்டு. மாசம் நாலு கூட்டம், பதினோரு பேரு, ஆளுக்கு மூணு ரூபா கூட. மாசாமாசம் நூத்தி முப்பத்திரண்டு ரூபா. அதுல எங்க சந்துக்குக் கொழா போட்டுரலாம். அதனால எனக்குச் சம்மதமில்ல’ என்றாள். பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள், தீர்மானம் நிறைவேறியது. சபை கலைந்ததும் குமாஸ்தா மேஜையிலேயே பணம் கொடுத்தார். பேராச்சி ராஜிநாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, ரேகை வைத்து, ஐந்து ரூபாயையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். படியிறங்கும்போது, ஐந்து கூடாது என்று கை தூக்கினவள் ஐந்தையும் வாங்கிக்கொண்டாயே என்று கேட்டேன். ‘தோத்தது நாந்தானம்மா? தோத்தவ சபை சொல்லுக்குக் கட்டுப்படணும்லா’ என்றாள்.