மன்றாட்டுத் தாள்களுக்குள் வந்த கடிதம்

10 ஆகஸ்ட் 1991, சனி இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

நாளைய பூசைக்கான மன்றாட்டுகளைப் படியெடுக்க ஃபாதர் தந்த தாள்களுக்குள், அவர் மறைமாவட்ட ஆயருக்கு எழுதிய கடிதமும் தவறி வந்துவிட்டது. தனக்கு ஆண்கள்மேல்தான் நாட்டம், ஆனாலும் துறவற வார்த்தைப்பாட்டை மீறவில்லை, தன்னைப் போன்றவர்கள் ஒளியாமல் குருவாக வாழத் திருச்சபை மாற வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் மறைப்பதற்குள் கோவில் பங்குப்பேரவைச் செயலாளரான அப்பா படித்துவிட்டார்.

"இந்தாளு கையாலயா இத்தினி நாளா நன்மை அப்பம் வாங்கிக்கினு இருந்தோம்? நாளைக்குப் பூசையில எழுந்து நின்னு படிக்கிறேன் பாரு."

"மெதுவாப் பேசுங்க, பக்கத்து குவார்ட்டர்ஸ்ல கேக்கும்," என்றாள் அம்மா.

அவர்கள் சாப்பிடும்போது கடிதத்தை எடுத்துவிட்டேன். இப்போது அப்பா பீரோவைக் கலைத்துத் தேடுகிறார். காலைப் பூசைக்கு முன்பே ஃபாதரிடம் கொடுத்துவிட வேண்டும்.

என் அறைக் கதவு தட்டப்படுகிறது. அம்மா இப்படித் தட்டமாட்டாள்