மீன் இருந்த தண்ணீர்

மார்ச் 4
குளத்தில் துள்ளும் சிற்றுயிரான தண்ணீர்த் தெள்ளின் முட்டைகளை இன்று ஆய்வகத்தில் ஜாடிகளில் போட்டேன். பாதி ஜாடிகளில் மீன் தொட்டித் தண்ணீர், மீதியில் சுத்தத் தண்ணீர். மீன் வாசம் தெரிந்தால், தின்றுவிடுமோ என்று இந்த முட்டைகள் பொரியாமல் அப்படியே கிடக்குமாம். கடுகளவுகூட இல்லாததற்கு எவ்வளவு விவரம்!

அக்கா தன் மகளோடு என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அத்தானின் கத்தலும் கையோங்கலும் தாங்காமல் வந்துவிட்டாள். வாண்டு வாயே திறப்பதில்லை, தலையாட்டலோடு சரி. பள்ளியில் நன்றாகப் பேசுகிறாளாம். அப்படியானால் இங்கே என்ன குறை?

மார்ச் 11
சுத்தத் தண்ணீரிலும் ஒன்றுகூடப் பொரியவில்லை.

அக்கா கேட்டாள்: "இவ இப்படியே ஆயிடுவாளாடி? நான் முன்னாடியே கிளம்பியிருக்கணும்." கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 12
முட்டாள்தனம் என்னுடையதுதான். வற்றிய ஜாடிகளுக்கெல்லாம் ஒரே குவளையால் ஊற்றியிருக்கிறேன். மீன் தொட்டியில் முக்கி எடுத்த குவளை! கூட வேலை செய்பவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மீனே இல்லாம பயமுறுத்திட்டீங்களே மேடம்!"

பஸ்ஸில்தான் உறைத்தது—

அக்கா இந்த ஊர்க் குளிருக்குப் போட்டிருப்பது அத்தானின் பழைய ஸ்வெட்டர். கைக்குக் கிடைத்தது என்று எடுத்துவந்தது. அந்த சிகரெட் நெடி இன்னும் போகவில்லை. வாண்டு அவள் மடிக்கே போறதில்லையே! எங்க ரெண்டு பேருக்கும் ஏன் தோணல? கண்ணு இருந்தும் குருடுங்க.

மார்ச் 13
சொன்னதும் அக்கா முறைத்தாள். "துவைச்சுதானேடி போடறேன்?" பிறகு ஸ்வெட்டர் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது. ஸ்வெட்டர் தெருமுனைக் குப்பைத்தொட்டியில். என் சால்வையைப் போர்த்திவிட்டேன்.

மார்ச் 16
வாண்டு அக்கா மடியில் தூங்கினாள். அக்கா கால் மரத்தும் அசையவில்லை.

மார்ச் 21
புதுக் குவளை, புது முட்டைகள். சுத்தத் தண்ணீரில் குட்டித் தெள்ளுகள் துள்ளுகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு
பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வாண்டு, இடுப்பில் கைவைத்தபடி.

"சித்தி, பாடாத. நல்லாவே இல்ல."

அந்தக் குரலில் பயம் துளியும் இல்லை. ஸ்வெட்டர் போனதாலோ, நாள் போனதாலோ, யார் கண்டது? அக்கா அறையிலிருந்து ஓடிவந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். இன்னொரு தடவை திட்டட்டும் என்று, வேண்டுமென்றே சத்தமாகப் பாடினேன்.