அக்கா பாதியில் நிறுத்திய படம்

என் அன்பு அக்கா, பேய்ப்படப் பைத்தியமே,

போன வாரம் உனக்குத் தலைத் திவசம். ராசா ஊரிலிருந்து மாமா தாமதமாக வந்து, நெரிசலைத் திட்டித் தீர்த்தார். மற்றபடி எல்லாம் முறையாகத்தான் நடந்தது, ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், உன் படங்கள் எனக்குப் பிடிக்காது. நாம் பிறப்பதற்கு முன்பே எடுத்த இத்தாலியப் படம், ஸ்பானியப் படம். அந்த நாட்டுக்காரர்களே மறந்துபோனவற்றை எங்கிருந்துதான் தேடிப் பிடிப்பாயோ. ஒரு பெரிய வீடு, ஒரு படிக்கட்டு, கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, பெயிண்ட் மாதிரி இரத்தம். பகலெல்லாம் ரவாங் தொழிற்சாலையில் கையுறைகளைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் கையுறையையே பார்க்கிறாயே என்று கிண்டல் செய்வேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த வால்பேப்பர பாருடா. கொல பண்றவனுக்கும் ரசன இருக்குலா" என்பாய்.

அம்மாவுக்குத்தான் ஆகவே ஆகாது. சாமி இருக்கிற வீட்டில் இதென்ன அலறல் என்று திரையை மறைத்துக்கொண்டு நிற்பார். நீ நோயில் விழுந்ததும் அந்தப் படங்கள்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டார். டாக்டர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

கடைசியாக நாம் பார்த்தோமே, ஏரிக்கரை மாளிகைக்கு ஒரு தாதி வேலைக்கு வருவாளே, அந்தப் படம். பாதியில் உனக்கு அசதி. "மீதிய நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மடிக்கணினியை மூடினாய். மறுநாள் காலை ஆஸ்பத்திரி. பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமலேயே போய்விட்டாய். எனக்குப் பிடிக்காத ஒரு படத்துக்காக ஒரு வருடமாக மனசு உறுத்துகிறது என்றால் நம்புவாயா?

படையலில் உனக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. நண்டுப் பிரட்டல், சம்பல், மைலோ. நான் மடிக்கணினியையும் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தக் கருமத்த எடுடா" என்றார் அம்மா.

"அவளுக்குப் புடிச்சததானேம்மா வைக்கணும்?"

"இது காரியம்டா, வெளையாட்டு இல்ல" என்றார் மாமா.

"தாத்தாவுக்கு பீர் வச்சீங்களே மாமா. சிகரெட்ட நீங்கதானே பத்த வச்சீங்க?"

மாமா ஊதுபத்தியைச் சரிசெய்யப் போய்விட்டார். நீ நிறுத்திய இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டேன். நீ வந்து சாப்பிட வேண்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

உள்ளே ஒருத்தி இத்தாலிய மொழியில் கெஞ்சினாள். பியானோ கேட்டது. பிறகு நீளமாக ஓர் அலறல். பக்கத்து வீட்டு அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டித் திறந்துவிடுவோம். படம் அதற்குள் முடிகிறதா என்ன? பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். மாமாவுக்குப் பசி.

"போதும்லா, தொறங்க" என்று அவர் எழுந்தார்.

அம்மா கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இருண்ணே. படம் முடியட்டும்."

"சோறு ஆறிடும்மா."

"ஆறட்டும். பாதியிலயே எழுந்து போனவ. இன்னிக்காவது முழுசா பார்க்கட்டும்."

மாமா மறுபடி உட்கார்ந்தார். இசை ஓய்ந்து, உள்ளே சத்தமே இல்லை என்று ஆன பிறகுதான் அம்மா கதவைத் தட்டினார். எனக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதேன்.

நேற்று துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டார்: "அவ பார்க்காத படம் இன்னும் இருக்காடா?"

"நெறைய இருக்கும்மா."

"வருசத்துக்கு ஒண்ணு போடு." ஒரு சட்டையை மடித்து வைத்தார். "சீக்கிரமா முடியறத போடாத. நீளமா பாத்துப் போடு."

போடுகிறேன் அக்கா. இருப்பதிலேயே நீளமானதாகத் தேடி எடுத்து வைக்கிறேன்.

உன் ஒரே தம்பி,
குமரன்
கோல சிலாங்கூர்