மூடிமேல் எழுதியது

மார்ச் 3, செவ்வாய்

இதழிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டுரை பிடித்திருக்கிறதாம். ஆனால் அதே சோதனையை எங்கள் ஆய்வகத்தில் இன்னொருவரும் செய்து பார்க்க வேண்டுமாம். மீன் கருவின் மூளையில் இடப்பக்கம் முளைக்கும் நரம்பிழை, நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகும். நான் கண்டுபிடித்த ஜீனை அடக்கினால் தாண்டாமல் நின்றுவிடும். ஆறு வருடமாக என் கண்ணாலேயே பார்த்து வருகிறேன். இன்னொரு ஜோடிக் கண் எதற்கு?

கட்டுரை வந்தால்தான் எனக்கு இங்கே நிரந்தர வேலை. இது தெரிந்தும் ஆய்வகத் தலைவரான சார் அந்தச் சோதனையை ஊமைக்கோட்டானிடம் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 5

ஊமைக்கோட்டான் என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். புதிதாகச் சேர்ந்தவள், பக்கத்து மேசை. பேசமாட்டாள், பார்ப்பாள். இதற்குமுன் வேலை பார்த்த இடம், இதே ஜீனுக்காக எங்களோடு முட்டிக்கொள்ளும் ஆய்வகம். தற்செயலா? நான் நம்பவில்லை.

மார்ச் 12, வியாழன்

"அக்கா, எனக்கு ஜீனை அடக்குன தட்டுலயும் சாதாரணத் தட்டுலயும் ஒரே மாதிரிதான் வருது. வித்தியாசமே தெரியல."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஜீனை அடக்கும் மருந்தை முட்டைக்குள் ஊசி போடத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு போகலாமே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

மார்ச் 13

இன்று பின்னால் நின்று கவனித்தேன். அருமையாக ஊசி போடுகிறாள். ஒரு முட்டைகூட உடையவில்லை. அப்படியென்றால் — வேண்டுமென்றேதான் செய்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

என் தட்டுகள் இடம் மாறியிருந்தன. சத்தியமாக நான் அப்படி வைக்கவில்லை. வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"அந்த மீனு கண்ணடிச்சாக்கூட நீ சந்தேகப்படுவே."

"மீனுக்கு இமையே கிடையாது, எப்படிக் கண்ணடிக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று சோற்றைப் பிசைகிறார். இவருக்கு எல்லாம் விளையாட்டு.

மார்ச் 17

கருக்களை வைக்கும் இன்குபேட்டருக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி ஒன்றுதான், என் கழுத்துச் சங்கிலியில். "என்னம்மா, மீனுக்கு லாக்கரா?" என்றார் சார். சிரித்து வைத்தேன்.

மார்ச் 18

பூட்டை மட்டும் நம்பி உட்கார முடியுமா? ஒரு பொறி வைத்திருக்கிறேன். நான் தட்டின் பெயரை மூடிமேல்தான் எழுதுவேன். புதியவர்களிடம், 'மூடியில எழுதாதே, மாறிடும்' என்று பாடம் எடுப்பதும் நானேதான்! அவள் மூடிகளை மாற்றிவைத்து என் கணக்கைக் குழப்பப் பார்க்கிறாள் என்று தோன்றுகிறது. அதனால் தட்டுகளின் அடியில் ஊசிமுனையால் கீறிவிட்டேன். ஜீன் அடக்கிய கருக்களுக்கு ஒரு புள்ளி, சாதாரணக் கருக்களுக்கு இரண்டு. வரட்டும் பார்க்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் தண்ணீர் மாற்றினேன். மத்தியானம் எண்ணினேன். எப்போதும்போல அழகாக வந்தது. 'அடக்கியது' தட்டில் பாதிக்குமேல் இழைகள் தாண்டவில்லை, 'சாதாரணம்' தட்டில் அநேகமாக எல்லாமே தாண்டியிருந்தன. அப்பாடா என்று தட்டைத் திருப்பினேன்.

'அடக்கியது' மூடிக்குக் கீழே இரண்டு புள்ளி. மூடி மாறியிருக்கிறது!

நேரே அவள் மேசைக்குப் போய்க் கத்திவிட்டேன். "சாவி எப்படிடீ கிடைச்சுது உனக்கு? மூடியை மாத்தி வச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் எழுந்து நின்றாள்.

"மூடி மாறியிருந்தா உங்க கணக்கு தலைகீழால்ல வந்திருக்கணும், அக்கா?"

மார்ச் 21

தண்ணீர் மாற்றும்போது இரண்டு மூடிகளையும் ஒன்றாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்தது நான். திருப்பி மூடியதும் நான். வேறு யாரும் தொடவில்லை.

பாதிக் கருக்களில் இழை கோட்டைத் தொட்டபடி நிற்கும். தாண்டியதா இல்லையா, அடித்துச் சொல்ல முடியாது. அப்போதெல்லாம் எதை வைத்து முடிவு பண்ணினேன்? மூடியில் எழுதியிருந்ததை வைத்துத்தான். பொய் சொல்லலையே நான். பார்த்தேனே, நிஜமாவே பார்த்தேனே — எது இருக்கணும்னு நெனச்சேனோ அதைப் பார்த்திருக்கேன். ஆறு வருஷமா.

இந்நேரம் சாரிடம் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருப்பாளா?

மார்ச் 23, திங்கள்

சொல்லவில்லை. சார் வழக்கம்போலச் சிரித்தபடி, "கட்டுரையை எப்பம்மா திருப்பி அனுப்பலாம்?" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அழுகை வீட்டுக்கு வந்துதான் வந்தது.

மார்ச் 24

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீ சாப்பிடலாமா அக்கா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஊமைக்கோட்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

எல்லாத் தட்டுகளையும் அவளே தயார் செய்து வெறும் எண் மட்டும் போட்டுக் கொடுத்தாள். எது எது என்று அவளுக்குத்தான் தெரியும். சாயங்காலம்வரை எண்ணிக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், அக்கா," என்றாள்.

தட்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.