அம்மா காணாமல் போகாத கதைகள்

அன்புள்ள என் வீட்டு எஜமானிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் வார்டன் அம்மா அவர்களுக்கும் என் வணக்கம். என் போன கடிதத்தில் ஒரு வரி முழுக்க மையால் அடிபட்டிருந்தது, அதில் என்ன இருந்தது என்று என் மனைவி கேட்டிருந்தாள். அது உங்கள் வேலை இல்லை அம்மா, என் வேலைதான். பிழை விழுந்தால் நான் அப்படித்தான் தேய்த்து அடிப்பேன். பள்ளிக்கூடத்திலேயே என் நோட்டைப் பார்த்துவிட்டு இது பாடமா, கரி மூட்டையா என்று கேட்டிருக்கிறார்கள்.

இங்கே நானும் வாலுவும் சுகம். உன் இருமல் நின்றதா? மருந்து கேட்டால் கொடுக்கிறார்களா? கேட்கக் கூச்சப்படாதே. வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, பால்கனிச் செடி ஒன்றைத் தவிர. அது செத்துப்போனது நான் தண்ணீர் ஊற்றாததால் இல்லையாம், ஊற்றியதால்தானாம். நம் மகளின் தீர்ப்பு. மற்றபடி, ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் வீட்டுக்கு மூன்று மாடியும் படிதான் என்று என் அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அவளைக் கூட்டிட்டு வராதீங்க. இந்த உடுப்புல அவ என்னைப் பாக்க வேண்டாம்" என்று நீ எழுதியிருந்ததை வாலுவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லி நான் மறுத்ததாகச் சரித்திரம் கிடையாது. அவள் "சரி" என்றாள். அந்தச் சரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. பல் தேய்க்கப் போ என்றாலே பத்துக் கேள்வி கேட்கிற பிள்ளை. உனக்கே தெரியும், சும்மாவா வாலு என்று பேர் வைத்தோம். இப்போது எதற்கெடுத்தாலும் சரி. வேண்டுமா, சரி. வேண்டாமா, சரி. முன் அறை திரைச்சீலையை மட்டும் விலக்க விடமாட்டேன் என்கிறாள். எதிர் வீட்டில் அவள் வகுப்புப் பையன் இருக்கிறான் அல்லவா. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் பெட்டிக்குள் இருப்பதுபோல் இருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ திரும்பவும் கேட்டிருக்கிறாய். மறைக்க ஒன்றுமில்லை. அவள் எழுந்து நடந்தாலே பின்னாலிருந்து யாராவது வாயால் ஹாரன் அடிக்கிறார்கள். அந்த மழையில் உன் வேனுக்கு முன்னால் விழுந்து இறந்த சைக்கிள்காரரின் பேர் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போய்ச் சத்தம் போட்டேன். இரண்டு நாள் ஹாரன் இல்லை. மூன்றாம் நாள் லாரி ஹாரன். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "கொஞ்ச காலம் வீட்டிலேயே படிக்கட்டும், பரீட்சைக்கு மட்டும் வரட்டும்" என்றார். பரீட்சைக்கு அனுப்பலாம் சரி, பாடத்துக்கு யாரிடம் அனுப்புவது? வீட்டில் இருப்பதோ நான்.

அதற்குத்தான் நீ வழி சொன்னாய். கதையாகச் சொன்னால்தான் அவளுக்கு ஏறும், கதைப் புத்தகங்களை வைத்தே சரித்திரம், விஞ்ஞானம், மொழி எல்லாம் நடத்துகிற திட்டங்கள் இருக்கின்றன, அதில் நம் குடும்பத்துக்குப் பொருந்துகிறதாகப் பார்த்து ஒன்று எடுங்கள் என்று. சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு ஒரு சட்டையே பொருத்தமாக எடுக்கத் தெரியாது என்பதை நீ அங்கே போய் மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

முதலில் பார்த்தது பெரிய திட்டம். உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வருகிறது. பெற்றோருக்கு என்று தனியாக ஒரு தடி கைடு, எந்த நாள் எந்தப் பக்கம் என்று கட்டம் போட்டு. மாதிரிக்கு அனுப்பியதை ஆரம்பித்தோம். நடுவில் எனக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஒரு சாம்ராஜ்யமே பாக்கி. அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் இன்னொரு போன். கடைசியில் அந்தக் கைடைப் பார்த்தாலே சூப்பர்வைசர் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. திருப்பிக் கட்டி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது திட்டம் மென்மையானது. தினமும் வெளியே நடக்க வேண்டும், பறவைகளைப் பார்த்து வரைய வேண்டும், பிறகு வந்து சோபாவில் ஒட்டி உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அட்டையில் படம் போட்டிருந்தார்கள். அம்மா நடுவில், பிள்ளைகள் இரண்டு பக்கமும். உள்ளே எந்தப் பக்கம் புரட்டினாலும் அம்மா. அப்பாவைக் காணவே காணோம். போட்டோ எடுக்கப் போய்விட்டார் போலிருக்கிறது. வாலு அந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். நானும் எடுக்கவில்லை.

மூன்றாவது திட்டக்காரர்களிடம் போனில் பேசினேன். ஒரு அம்மாள். பேச்சு எப்படிப் போனது என்றால்: "பகல்ல பிள்ளை கூட யார் இருப்பாங்க சார், அம்மாவா?" "இல்லைங்க, நான்தான்." "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" "லிஃப்ட் படிச்சிருக்கேங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை சார், நீங்களும் கூடச் சேர்ந்து படிச்சுக்கலாம்" என்றார். அப்படியானால் இரண்டு அட்மிஷனா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அவர்கள் முறை எளிது. ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் கேட்டுவிட்டுத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் கிடையாது, கட்டம் கிடையாது. நமக்குச் சரிப்படும் என்று புத்தகப் பெட்டியை வரவழைத்தேன்.

இங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் நான் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் அம்மா செத்துப்போகிறாள். சரி, இது வேண்டாம் என்று அலமாரி மேல் போட்டேன். இரண்டாவதில் அம்மா கப்பலில் போய்த் திரும்பவில்லை. அலமாரி. மூன்றாவதில் ராஜா அம்மாவைக் கோட்டையில் அடைத்து வைத்துவிட்டான். அதை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். கதை எழுதுகிறவர்களுக்கு அம்மாக்கள்மேல் அப்படி என்ன கோபமோ, முதல் அத்தியாயம் முடிவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். அந்த அம்மாளுக்கே போன் போட்டு, அம்மா வீட்டிலேயே இருக்கிற மாதிரிக் கதைகள் இல்லையா என்று கேட்டேன். "அம்மா வீட்ல இருந்தா கதை எங்க சார் நகரும்? சாப்பிட வான்னு கூப்பிட்டிருவாங்களே" என்றார். நியாயம்தான். மிச்சம் தேறியது யானைகளைப் பற்றி ஒரு புத்தகம். அதிலும் நாலு பக்கம் தள்ளித் தாய் யானை குழியில் விழுந்துவிட்டது.

அப்புறம் நானே கடையில் தேடி, முயல் கேரட் தின்கிற புத்தகங்களாக வாங்கி வந்து வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள். எங்கே திருப்பிச் சொல்லு என்றால், "ஒரு முயல் இருந்துச்சு. கேரட் சாப்பிட்டுச்சு. நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளை. அக்காவிடம் சொன்னேன். "நீ வாசிச்ச லட்சணத்துக்கு முயல் வந்ததே பெரிசு. பேசாம அவளை என்கிட்ட அனுப்பிடுடா, இங்க யாருக்கும் எதுவும் தெரியாது" என்றாள். அன்று முழுக்க அது மனதில் ஓடியது. அனுப்பினால் அவள் நன்றாக இருப்பாளோ என்னவோ. ஆனால் நீ அங்கே, அவள் எங்கேயோ, நான் இந்தத் திரைச்சீலைக்குப் பின்னால். முடிவு செய்ய முடியவில்லை. அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்போது அவளை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் வேலைக்கும் பைக்கில் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஒரு அலுவலகக் கட்டடம். லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி, தனியாக. கதவைத் தட்டுகிற சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் மேலே மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்குவான். இன்னொருத்தன் கதவுப் பக்கம் நின்று பேசிக்கொண்டே இருப்பான். உள்ளே இருப்பவருக்கு வெளியே ஆள் குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் பயத்தில் கதவை நெம்பப் பார்ப்பார்கள். என் கூட்டாளி அன்று லீவு. இவளைத்தான் கதவோரம் உட்கார வைத்தேன். "என்னப்பா பேசறது?" என்றாள். எதையாவது பேசு, பேச வராவிட்டால் எதையாவது வாசி என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

லிஃப்டுக்குள் இருக்கிற இன்டர்காம் மெஷின் ரூமிலும் கேட்கும். கையை வைத்துச் சுற்ற ஆரம்பிக்கிறேன், இவள் குரல் வருகிறது. வாசிக்கிறாள். ராஜா ஒருத்தியைக் கோட்டையில் அடைத்ததும், அவள் மகள் அகழியைத் தாண்ட மிதவை கட்டுவதும். நான் சுவரோரம் செருகின புத்தகம்! எப்போது எடுத்தாளோ. பையிலேயே வைத்துச் சுற்றியிருக்கிறாள். குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ. ராஜாவுக்கு ஒரு குரல், காவல்காரனுக்கு மூக்கால் ஒரு குரல், எல்லாம் நீ வாசிக்கிற மாதிரியே. இத்தனை மாதமாக இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாள் என்று நான் அப்படியே நின்றுவிட்டேன். தொழிலில் இப்படி நிற்கவே கூடாது. பதறிப்போய் இன்டர்காமில், மன்னிச்சுக்குங்க அம்மா, இதோ இறக்கிடறேன் என்றேன். அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்மணி மூக்கை உறிஞ்சிவிட்டு, "மெதுவாவே இறக்குங்க. பொண்ணு மிதவையைக் கட்டி முடிக்கட்டும்" என்றார்.

நாலாம் மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தேன். தலையெல்லாம் கலைந்து, முகமெல்லாம் மை வழிந்து அந்தப் பெண்மணி தரையில் உட்கார்ந்திருந்தார். நம் மகளோ கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருக்கிறாள். நான் வந்ததற்குக்கூடத் திரும்பவில்லை. அந்தப் பெண்மணி முகத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்து, "ம், இப்ப திரும்பலாம்" என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள். இரண்டு பேரும் பழைய சிநேகிதிகள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள்.

வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது கேட்டேன், ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய் என்று. "அந்த ஆன்ட்டி உள்ளேருந்தே சொல்லிட்டாங்கப்பா, 'நான் அலங்கோலமா இருக்கேன், கதவு திறந்தா பாத்துராதே'ன்னு. அதான் திரும்பிக்கிட்டேன். பாக்காட்டி என்ன, கேக்குதுல்ல?" என்றாள். சிக்னல் விழுந்தது. வண்டியை எடுத்தேன். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா இருக்கற எடத்துல சுவரைப் பாத்து உக்கார்ற மாதிரி பெஞ்ச் இருக்குமாப்பா?" என்றாள்.

நான் ஹெல்மெட்டுக்குள் இருந்தேன், நல்லவேளை.

அதனால் பாடத்திட்டம் முடிவாகிவிட்டது. மூன்றாவதுதான். ஒருவர் வாசிப்பது, மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொல்வது. அலமாரி மேல் போட்டதையெல்லாம் இறக்கிக் கொடுத்துவிட்டேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே படித்துவிட்டாளாம், தூசி தட்டும் வேலையாவது எனக்கு மிச்சம். கோட்டைக் கதையை மட்டும் மிதவை தண்ணீரில் இறங்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். அடுத்தது என்ன என்று நான் கெஞ்சிக் கேட்டாலும் வாசிக்க மாட்டேன் என்கிறாள். யாருக்காக வைத்திருக்கிறாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் பிள்ளையின் பேரை நீ எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்களாம், நான் கொடுத்தால் செல்லாதாம். ஜெயில் வாசலில் விசாரித்தேன். நீ சொல்லி நான் மறுத்ததில்லை என்று மேலே எழுதினேன். இப்போதும் மறுக்கவில்லை. நீ சொன்னபடியே அவள் உன்னைப் பார்க்கமாட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பாள், நீ கேட்டால் போதும். உனக்கும் அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்றால் நீயும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள். இரண்டு முதுகையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேரை எழுதிக் கொடு, எஜமானி. நீ நன்றாக இருக்க வேண்டும். இருமலுக்கு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி.

என்றும் உன்,
வாலுவின் அப்பா