இசக்கியப்பனின் காலை மாத்திரை

செவ்வாய்த் தளம் மூன்று. மருத்துவப் பதிவு. எழுதுபவர்: டாக்டர் ஜெபக்கனி.

நாள் 212 / 07:10
தளத்தில் இருவர். நானும், துளையிடும் இயந்திரத்தை ஓட்டும் இசக்கியப்பன் அண்ணாச்சியும். அவருக்கு வயது 56. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. இதயத்துக்காக அவருக்குத் தினம் ஒரு ஆஸ்பிரின். முழங்கால் வலிக்கு இன்று முதல் இபுப்ரோஃபென், மூன்று வேளை. இரண்டும் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியலாம். அதைத் தடுக்கக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் ஒரு பான்டோப்ரசோல். பூமியின் உத்தரவு. மூன்றும் கொடுக்கப்பட்டன.

நாள் 219 / 07:15
ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், பான்டோப்ரசோல். கொடுக்கப்பட்டன. மற்றவை சரி.

நாள் 226 / 13:30
இந்தப் பக்கம் பூமிக்குப் போகாது. பின்னால் வருகிறவர் யாராவது படிக்கட்டும்.

ஒரு வாரமாகப் பான்டோப்ரசோலை அவருக்குக் கொடுக்கவில்லை. நான் விழுங்குகிறேன். எனக்குப் பத்து வருட நெஞ்செரிச்சல். இந்தப் பயணத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது மறைத்தேன், சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். என் பெயரில் ஒரு மாத்திரைகூட இங்கே கிடையாது. அவர் பெயரில் இருந்தது. அவருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று நானே முடிவு கட்டினேன். கையில் எத்தனை மாத்திரை வைத்தேன் என்று அவர் பார்ப்பதேயில்லை. டாக்டர் கொடுத்தால் வாயில் போட்டுக்கொள்வார். பதிவேட்டில் மட்டும் "கொடுக்கப்பட்டன" என்று தினமும் கையெழுத்திடுகிறேன். வேலியே பயிரை மேய்கிறது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

நாளையிலிருந்து கொடுத்துவிடுவேன்.

நாள் 231 / 15:40
கொடுக்கவில்லை.

துளைக்களத்திலிருந்து ரேடியோ: "டாக்டரம்மா, தல கிறுகிறுன்னு சுத்துது. இந்தக் குளிர்ல எனக்கு வேர்க்குது பாத்துக்கிடுங்க."

உள்ளே கொண்டுவந்துவிட்டேன். நாடி 122. ரத்த அழுத்தம் 90/60. நெஞ்சு இறுக்கம். கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார்: நான்கு நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதாம். பொம்பளை டாக்டரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சமாம். ஐயோ அண்ணாச்சி! கூச வேண்டியவள் நான் அல்லவா?

அறிகுறிகளைப் பூமிக்கு அனுப்பினேன். கறுப்பு மலத்தைத் தவிர. சொன்னால் மாத்திரை விஷயத்தைத் தோண்டுவார்கள்.

நாள் 231 / 16:35
பூமியிலிருந்து டாக்டர் நசீமா: "பதிவேட்டின்படி பான்டோப்ரசோல் ஒருநாள்கூடத் தவறவில்லை. அதனால் வயிற்றில் ரத்தக்கசிவு இருக்க வாய்ப்பு குறைவு. இதயம்தான். நான்கு ஆஸ்பிரின் கொடுத்து மெல்லச் சொல்லுங்கள்."

என் பொய்யை நம்பி அவர் எழுதிய மருந்துச் சீட்டு. ஆஸ்பிரின் கொடுக்கவில்லை. இபுப்ரோஃபெனையும் நிறுத்தினேன். சலைன் ஏற்றுகிறேன். மீதியிருந்த பான்டோப்ரசோல் அவர் வாய்க்கு இப்போதுதான் போகிறது. என் ரத்தம் பி, அவருடையது ஓ. சேராது. முழங்காலுக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலிலேயே பார்த்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை, பாவி.

நாள் 232 / 08:20
ரத்த வாந்தி, இரண்டு முறை. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் பூமிக்குப் பேச வேண்டும் என்று மைக்கைக் கேட்டார்.

பதிவான செய்தி: "இசக்கியப்பன் பேசுதேன். டாக்டரம்மா தெனமும் மூணு மாத்திரையும் குடுத்தாவ. அதுல ஒண்ண நாந்தான் முழுங்காம துப்பிப்போட்டேன். கருப்பாப் போனதையும் சொல்லாம மறைச்சிட்டேன். அவிய மேல ஒரு தப்பும் கெடையாது."

அழித்திருக்கலாம். அனுப்பும் பொத்தானை அழுத்தியது என் விரல்தான்.

நாள் 232 / 11:50
போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

நாள் 233 / 10:05
பூமி: "நோயாளி மருந்தைத் தவிர்த்ததால் நேர்ந்த மரணம் என்று பதிவு செய்கிறோம். நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள்."

கூடவே அவருடைய மனைவி ஆவுடையம்மாளின் குரல்: "டாக்டரம்மா, மாத்திரைன்னா அவிய எப்பவும் இப்படித்தான். சொன்னா கேக்க மாட்டாவ. கடைசில உங்களையும் பாடாப் படுத்திட்டாவ. மனசுல வச்சுக்கிடாதீங்க. அவியளுக்காக நான் மன்னிப்புக் கேக்கேன்."

மூன்று முறை கேட்டேன். உண்மையைச் சொல்ல மைக்கைத் திறந்தேன்.

"பரவாயில்லம்மா" என்று அனுப்பிவிட்டேன்.