எழுதாமல் போட்ட சீட்டு

ஆலயத்துக்குள் நுழைந்தால் இந்த நாட்களில் பிளாஸ்திரி வாசனை அடிக்கிறது, மச்சான். பீடத்துக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். பேண்டேஜ் சுருள் அடைத்து அனுப்பும் பெட்டிதான். ஓரமெல்லாம் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, மேலே கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ ஒட்டினாயே, அதே போல. புதிதாக வந்திருக்கும் போதகருக்கு யாரோ அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். லெந்து என்னும் தவக்காலத்தின் நாற்பது நாளும், தூங்கிப்போன சபையின் எழுப்புதலுக்காக அதிகாலை ஐந்து மணிக்கு ஜெபம், சீட்டுப் பெட்டியும் உண்டு என்று அறிவித்துவிட்டார்.

இந்த மடலை என் கையாலேயே எழுதுகிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில், சாயங்கால வகுப்பில், முழங்கால் மடங்காத கிழவர்கள் ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். 'ஸ்ரீ' என்று எழுத மட்டும் மூன்று நாள் ஆனது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை யாரிடமும் கேட்காமல், போர்டைப் படித்து ஏறுகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் படிக்கிறேன். மில், மெடிக்கல், பரோட்டாக் கடை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம். வாய்விட்டுப் படிப்பதால் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும். என் பெயரை எழுதிப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நீ இருந்தபோது வாயால் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று பாக்கி நிற்கிறது.

பேண்டேஜ் துணி நெய்யும் நம் தறிக்கூடத்தில் எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். வேலைச் சீட்டு வந்தால் உனக்காகப் படிப்பது போல நீ சத்தமாகப் படிப்பாய். நான் கேட்டுக்கொள்வேன். ஆலயத்திலும் அதுதான். பாட்டு எண்ணைச் சொன்னதும் பக்கத்தைத் திருப்பிப் புத்தகத்தை என் கையில் வைப்பாய். பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், புத்தகம் ஊருக்காக. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவசரத்தில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினேன். நீ காதருகே குனிந்து, "மாப்ள, பாட்டு சரியாத்தான் இருக்கு. புஸ்தகந்தான் சிரசாசனம் போடுது" என்றாய். நாம் சிரிப்பை அடக்கியதில் பெஞ்சு ஆடியது. பெண்கள் பக்கமிருந்து உன் வீட்டம்மா, மதினி, முறைத்தார்கள்.

நமக்குள் இரத்த உறவு கிடையாது. எஸ்தர் எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் ஞாயிறே உன்னை அண்ணன் என்று கூப்பிட்டாள். அன்று முதல் நீ எனக்கு மச்சான்.

அந்த எஸ்தர் படுத்த படுக்கையாய்க் கிடந்த மாதத்தில்தான் நம் ஆலயத்து மைதானத்தில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணன வரச் சொல்லுங்க. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகட்டும்" என்றாள். வேறு யாரையும் அவள் கேட்கவில்லை. நான் ஓடி வந்தேன். நீ மேடைக்குக் கீழே மைக் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். வேட்டியெல்லாம் புழுதி.

"மாப்ள, ஆரம்ப ஜெபம் நாந்தான். அத முடிச்சிட்டு வாரேன். செத்த நேரம் பொறுக்கச் சொல்லு."

"ஒரு மாதிரி இருக்கா மச்சான்."

"வாரேன்னு சொல்லு. இந்தா, இந்தச் சேர அந்தப் பக்கம் போட்டுட்டுப் போ."

சேரைப் போட்டுவிட்டுத்தான் போனேன். வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் போஸ்ட் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. "தட்டி எழுப்பும் ஆண்டவரே, நாங்க தூங்கிப் போயிட்டோம். இந்தச் சபைய எழுப்பும். இந்த ஊர எழுப்பும்." எஸ்தர் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"அண்ணன் கொரல்தான?"

"ஆமா."

"இந்தா முடிச்சிருவாக. வந்துருவாக."

நீ முடிக்கவில்லை. அன்றைக்கு உன்மேல் பரிசுத்த ஆவி இறங்கியிருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆரம்ப ஜெபம் நீண்டுகொண்டே போனது. ஜனங்கள் அழுகிற சத்தமும் ஸ்பீக்கரில் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் மூச்சு நின்றதை நான் உடனே கவனிக்கவில்லை. உன் 'ஆமென்' கேட்டபோது கவனித்தேன்.

கூட்டம் முடிந்து வந்தாய். வாசலில் ஆட்களைப் பார்த்ததும் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாய். நான்தான் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்கம் முடிந்த மறு ஞாயிறும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். நீ பாட்டை எடுத்துக் கையில் வைத்தாய். வாங்கிக்கொண்டேன். எனக்கு உன்மேல் வருத்தமே இல்லை என்று சபையில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன். உன்னோடு சண்டை போட்டால் எனக்கு யார் பக்கம் எடுத்துத் தருவார்கள் என்ற பயமும் அதில் இருந்தது. அப்படியே மூன்று வருடம் ஓடியது.

பிறகு அப்போதிருந்த பழைய போதகர் சீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். "முப்பது வருசமா எழுப்புதல் கேட்டு ஜெபிக்கோம். ஆனா பெஞ்சுக்கு அந்தப் பக்கம் இருக்கவரோட பேச மாட்டோம்" என்று பிரசங்கத்தில் சொன்னார். ஆளுக்கு ஒரு வெள்ளைச் சீட்டு. உங்களால் மன்னிக்க முடியாத ஒருவரின் பெயரை எழுதிப் போடுங்கள். தினமும் காலையில் ஒரு சீட்டை எடுப்போம். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. அந்தப் பெயருக்காகச் சபை முழுதும் ஜெபிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சபையில் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். நீ உன் சீட்டை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். பேனாவைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டாய்.

"யார் பேரு மாப்ள? சொல்லு, எழுதுறேன்."

என் வாழ்நாளில் எனக்காக எழுதிய கை உன் கை ஒன்றுதான். அந்தக் கையிடம் உன் பெயரை எப்படிச் சொல்வேன்?

"வேண்டாம் மச்சான். சும்மா மடிச்சுப் போடுறேன். ஆண்டவருக்குத் தெரியும்."

உன் பேனா அந்தரத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாய். "சரி" என்று மட்டும் சொல்லி மூடியைப் போட்டாய்.

முதல் பத்து நாள் காலை ஜெபம் நன்றாகத்தான் நடந்தது. முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ஒரு நாள் சீட்டில் 'என் மாமியார்' என்று மட்டும் இருந்தது. மாமியார்கள் ஏழு பேரும் ஒன்றாகத் தலையைக் குனிந்ததில் போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினோராம் நாள் செல்லக்கனி அக்கா பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தார்கள். விரித்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்கள்.

"ஐயா, இதுல ஒண்ணும் இல்லையே."

பின்னாலிருந்து யாரோ, "மன்னிக்க ஆளே இல்லாத மகராசன் நம்ம சபையிலயும் இருக்காருப்பா" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. "சரி, வேற எடுங்கம்மா" என்றார் போதகர்.

நீ எழுந்தாய்.

"வேற எடுக்க வேண்டாங்கய்யா. அது எம்பேருதான். எனக்காக ஜெபிங்க."

"நீங்க எழுதினதா?"

"நான் எழுதலய்யா. யாரும் எழுதவும் இல்ல. ஆனா எம்பேருதான்."

என்னே தாழ்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஓட்டுக்கூரை அதிர்ந்தது. நீ முழங்காலில் நின்று முகத்தைப் பெஞ்சில் புதைத்துக்கொண்டாய். உன் தோள் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்று அந்த ஆலயத்தில் உனக்காக ஜெபிக்காதவன் நான் ஒருவன்தான், மச்சான். உதட்டை மட்டும் அசைத்தேன். பாட்டுப் புத்தகத்தைப் பிடிப்பது போல.

வெளியே வந்ததும், "டீ குடிப்போமா?" என்றாய். குடித்தோம். நீ நான் பேசுவதற்காகக் காத்திருந்தாய். கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் விரலால் அதைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். நான் கரண்ட் கட்டைப் பற்றிப் பேசினேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் உன்னை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். நீ மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "ஊருக்குள்ள எறங்கி வந்திருக்க, எனக்குப் பால்கோவா வாங்காம கைய வீசிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்றாய். மதினி, "அவியளுக்கு எப்பவும் கேலிதான்" என்று கண்ணைத் துடைத்தார்கள். மதினி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மாப்ள, அந்தச் சீட்டு எங்கிட்டதான் இருக்கு. செல்லக்கனி அக்காட்ட கேட்டு வாங்கி வச்சிக்கிட்டேன். வேணுமா?"

"அத எதுக்கு இப்ப? தூங்கு மச்சான்."

"கேட்டேன், அம்புட்டுதான்."

'நாளைக்கு வாரேன்' என்றேன். எஸ்தருக்கு நீ சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தைதான் என்பது பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் விடியும் முன்னே செய்தி வந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்ததும் மதினி உன் வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். "ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாக." எனக்குப் படிக்கத் தெரியாது என்பது மதினிக்குக்கூடத் தெரியாது. அதனுள்ளே அந்தச் சீட்டு இருந்தது. நாலாக மடித்தபடி, வெறுமையாக. பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் நீ பென்சிலால் என்னென்னவோ எழுதியிருந்தாய். என்னைப் பற்றி ஏதாவது இருக்குமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. வேறு யாரிடமும் காட்டவும் மனமில்லை. அதற்காகத்தான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு சாயங்காலம், எழுத்து எழுத்தாகக் கூட்டி அந்தத் தாள்களைப் படித்து முடித்தேன். எல்லாம் நீ கேட்ட பிரசங்கங்களின் தலைப்பு. அந்த எழுப்புதல் கூட்டத்தின் மூன்றாம் நாள் தலைப்பும் இருந்தது. அதன் கீழே ஒரே வரி. "எஸ்தர் கூப்பிட்டாள். நான் போகவில்லை." வேறு ஒன்றுமில்லை. நான் தனியாக, யார் துணையும் இல்லாமல், முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அது. படிக்க முடிந்துவிட்டதே என்ற சந்தோஷமும், படித்துவிட்டோமே என்ற துக்கமும் ஒன்றாக வந்தன. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

எழுப்புதல் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை, மச்சான். காலை ஜெபத்துக்கு இப்போது பதினோரு பேர் வருகிறோம். மழை பெய்தால் ஏழு. செல்லக்கனி அக்கா மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். உன் இடத்தில் யாரும் உட்காருவதில்லை. யாரும் மரியாதைக்காக விட்டுவைக்கவில்லை, உட்கார ஆள் இல்லை.

சீட்டுக் கொடுத்த ஞாயிறன்று பக்கத்து பெஞ்சுப் பெண் பிள்ளை என் வயதைப் பார்த்து, "தாத்தா, யார் பேருன்னு சொல்லுங்க, நான் எழுதித் தாரேன்" என்றாள்.

"எனக்கு எழுதத் தெரியும் தாயி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

பேனாவை வாங்கி, புதுச் சீட்டில் உன் பெயரை எழுதினேன். அழகாக வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உன் வேதப்புத்தகத்திலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டேன். அதில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஒன்பது சீட்டு எடுத்தாகிவிட்டது. பெட்டியில் மொத்தமே இருபது சொச்சம் சீட்டுதான். என்றைக்காவது ஒரு காலை யாராவது அதை விரிப்பார்கள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையே என்பார்கள். யாராவது சிரிப்பார்கள். அப்போது நான் எழுந்து நின்று, எஸ்தருக்கும் எனக்கும் உனக்கும் நடுவே நடந்தது என்ன, அந்தச் சீட்டு ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது என்பதை, நீ அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து, சபைக்குச் சொல்ல வேண்டும்.

தினமும் நாலரை மணிக்குப் புறப்படும் முன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொல்லிப் பார்க்கிறேன். "ஐயா, அது வெறுஞ்சீட்டு இல்ல. அது நான் போட்டது." அதுவரைக்கும் நன்றாக வருகிறது. அடுத்த வார்த்தை இன்னும் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பையில் உன் பெயரோடு, ஜெபத்துக்கு நடக்கிறேன்.